மூன்று ப்ரொஜெக்டர், ஒரே படம்: கணினியைக் கடைசியில் வாங்குங்கள்

2023 ஆகஸ்ட் 5 – கேள்வி

"எங்கள் நாட்டியப் பள்ளி விழாவுக்கு மேடையின் முழு அகலத்துக்கும் பின்னணிப் படம் வேண்டும். மூன்று ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்று இருக்கிறோம். கையில் நல்ல லேப்டாப் ஒன்று உண்டு. யுஎஸ்பியிலிருந்து எச்டிஎம்ஐ எடுக்கும் டப்பா இரண்டு வாங்கிப் போட்டால் ஓடுமா, இல்லை தனியாகக் கணினி கட்ட வேண்டுமா? எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?"

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு இரவு

கார்டைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். முதலில் டேப் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள். திரை எத்தனை அடி அகலம், எத்தனை அடி உயரம், ப்ரொஜெக்டர் தொங்கப்போகும் இடத்திலிருந்து திரை எவ்வளவு தூரம், மேடை விளக்கு எல்லாம் எரியும்போது திரைமேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது. இந்த நான்கும் கையில் இல்லாமல் வாங்குகிற எந்தச் சாமானும் பாதிக் காசு தண்டம். பதினோரு வருடமாக மதுரையைச் சுற்றி ஒலி, ஒளி வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன். கணினியை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் ப்ரொஜெக்டருக்கு இடம் தேடியவர்கள் எல்லோரும் கடைசியில் படத்தைச் சின்னதாக்கித்தான் நிகழ்ச்சியை ஓட்டினார்கள்.

எனக்கும் வருகிற அக்டோபரில் நவராத்திரிக்கு இதே மாதிரி ஒரு நாட்டிய நாடகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் கணக்கையே இங்கே போடுகிறேன். ஒவ்வொரு ப்ரொஜெக்டரின் படமும் 16 அடி அகலம், 10 அடி உயரம். 1920 × 1200 பிக்சல் தரும் மாடல்கள், 16க்கு 10 விகிதம், அதனால் இது நேராகப் பொருந்தும். லென்ஸின் த்ரோ விகிதம், அதாவது தூரத்தைப் பட அகலத்தால் வகுத்த எண், 1.5 என்றால் 16 அடி அகலத்துக்கு 24 அடி பின்னால் போக வேண்டும். எங்கள் மேடையின் மொத்த ஆழமே 30 அடி. திரைக்குப் பின்னாலிருந்து படம் போட வழியே இல்லை, முன்னாலிருந்துதான்.

வெளிச்சக் கணக்கும் சுலபம். 16 × 10 என்றால் 160 சதுர அடி, கிட்டத்தட்ட 14.9 சதுர மீட்டர். 6000 லூமன் ப்ரொஜெக்டர் அதில் விழுந்தால் சதுர மீட்டருக்கு 400 லூமன், அதாவது 400 லக்ஸ். மண்டபத்தில் முகவிளக்கைப் போட்டுத் திரைமேல் அளந்தபோது 60 லக்ஸ் இருந்தது. 460ஐ 60 கொண்டு வகுத்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஏழெட்டு மடங்குதான் வித்தியாசம். எழுத்து படிக்கலாம், இரவுக் காட்சி வெளுத்த சாம்பலாகத் தெரியும். இதற்கு 12000 லூமன் ப்ரொஜெக்டர் தேடுவதை விட முகவிளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் 15 லக்ஸுக்கு இறங்கிவிட்டது, வித்தியாசம் 27 மடங்கு. ஒரு ரூபாய் செலவில்லை.

யுஎஸ்பி டப்பா வேண்டாம். அது கார்டிலிருந்து வரும் சிக்னல் இல்லை. கணினி படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்ப, டப்பா அதை மறுபடி விரிக்கிறது. கணக்குத் தாள் காட்டப் போதும். அசைகிற படத்தில் மற்ற திரைகளோடு சேர்ந்து நடக்காது.

2023 ஆகஸ்ட் 7

நேற்று அவசரத்தில் மொத்த அகலத்தைச் சொல்லாமல் விட்டேன், இரண்டு பேர் 48 அடி என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லை. ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்தின் ஓரத்தின்மேல் ஏற வேண்டும். நான் 15 சதவீதம் வைக்கிறேன், அதாவது 288 பிக்சல், 2.4 அடி. மூன்று படத்துக்கு ஒட்டு இரண்டு. 48இல் 4.8 கழித்தால் 43.2 அடி. பிக்சலில் 5760இல் 576 போக 5184. இந்த 5184 × 1200 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். அனிமேஷன் செய்பவரிலிருந்து ஆபரேட்டர் வரை எல்லோருக்கும் அதுதான் முகவரி.

2023 ஆகஸ்ட் 12

சரி, இப்போது கார்டு.

சாதாரண கேமிங் கார்டு பெரும்பாலானவற்றில் ஒரே நேரத்தில் நான்கு திரை ஓடும். மூன்று ப்ரொஜெக்டர், ஒன்று ஆபரேட்டர் பார்க்கும் மானிட்டர், கணக்கு முடிந்தது. தொழில்முறை கார்டு என்று சொல்லி விலையை ஏற்றுகிறவர்களை நம்ப வேண்டாம், நம் மாதிரி வேலைக்கு கேமிங் கார்டே போதும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆபரேட்டர் மானிட்டரை மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் செருகாதீர்கள். நான்கும் ஒரே கார்டிலிருந்து போகட்டும். இரண்டு கார்டுக்கு நடுவே படம் போய்வந்தால் வேகம் அங்கேயே விழுகிறது.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதன் எச்டிஎம்ஐ எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் நேராகப் பெரிய கார்டுக்குப் போகும், சிலவற்றில் பிராசஸரோடு வரும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஓட்டைதான்.

2023 ஆகஸ்ட் 13

மேக்புக் பற்றிக் கேட்டவருக்கு: சாதாரண எம்1, எம்2 மேக்புக்கில் வெளித்திரை ஒன்றுதான். எம்1 ப்ரோவில் இரண்டு, எம்1 மேக்ஸில் நான்கு. மூன்று ப்ரொஜெக்டருக்கு மேக்ஸ் வேண்டும், அல்லது ஒரே அகலமான சிக்னலை வாங்கி நான்காக வெட்டித் தரும் பெட்டி வேண்டும். டேட்டாபாத் எஃப்எக்ஸ்4 அப்படி ஒன்று. உள்ளே ஒரு 4கே படம், வெளியே நான்கு எச்டிஎம்ஐ. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் படத்தின் எந்தத் துண்டு வேண்டும் என்று நாமே குறிக்கலாம், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்யலாம்.

2023 ஆகஸ்ட் 20

ஒட்டு இருட்டாகத் தெரிகிறது என்று திருச்சிக்காரர் ஒருவர் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். கணினியில் இடது படம் 100இலிருந்து 0க்கு இறங்குகிறது, வலது படம் 0விலிருந்து 100க்கு ஏறுகிறது, நடுவில் 50உம் 50உம் சேர்ந்து 100 ஆக வேண்டியதுதானே என்கிறார். நானும் முதல் வருடம் இப்படித்தான் நினைத்து ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ப்ரொஜெக்டருக்கு 50 சதவீத சிக்னல் கொடுத்தால் 50 சதவீத ஒளி வராது. சிக்னல் ஏற ஏற ஒளி எப்படி ஏறும் என்று சொல்லும் எண் காமா. அது 2.2 என்றால் 22 சதவீத ஒளிதான் வரும். இரண்டும் சேர்ந்தால் 44. அதனால்தான் நடுவில் கறுப்புப் பட்டை. பாதி ஒளி வேண்டுமானால் சிக்னல் 73 சதவீதம் இருக்க வேண்டும், 255க்கு 186. மென்பொருளில் ஒட்டுப் பகுதிக்கான காமா என்று ஓர் எண் இருக்கும், அதைத்தான் நகர்த்த வேண்டும். முழு வெள்ளையில் சரி பார்த்து நிறுத்தாதீர்கள். நடுச் சாம்பலைப் போட்டு, பார்வையாளர் நடு வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்துத் திருத்துங்கள்.

அதற்கு முன்னால் ப்ரொஜெக்டரின் மெனுவில் தானாக வேலை செய்வதையெல்லாம் அணையுங்கள். படத்துக்குத் தகுந்தபடி விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஆட்டோ ஐரிஸ், சிக்கன முறை, எல்லாம். ஒன்று இருட்டுக் காட்சியில் விளக்கைக் குறைக்கும், பக்கத்திலுள்ளது குறைக்காது, ஒட்டு உடனே பளிச்சென்று தெரிந்துவிடும். ஒரு சிப் டிஎல்பி வகை ப்ரொஜெக்டர் என்றால் பலவற்றில் நிறச் சக்கரத்தில் வெள்ளைத் துண்டு இருக்கும். அது வெள்ளையை மட்டும் தூக்கிக் காட்டுவதால் கூட்டல் கணக்கே கெடும், அந்த வசதியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். படக் கோணலைத் திருத்தும் கீஸ்டோன் வேண்டாம், அது பிக்சலைத் தின்னும். லென்ஸை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிப்ட்டால் படத்தை நகர்த்திவிட்டு மிச்சக் கோணலை மென்பொருளில் வளையுங்கள்.

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் சினிராமா என்ற அகலத்திரை சினிமா திறந்தபோது இதே மூன்று ப்ரொஜெக்டர், இதே இரண்டு ஒட்டு. 146 பாகைக்கு வளைந்த திரை, அதுவும் ஒரே துணி இல்லை, ஒரு பக்கத்து வெளிச்சம் மறுபக்கம் தெறிக்காமல் இருக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் பட்டைகள். ஒட்டை மறைக்க, ஃபிலிம் ஓடும் வாயிலின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு தகட்டை வைத்து மேலும் கீழும் வேகமாக அதிரவிட்டார்கள். அதன் வேலை இரண்டு படத்தின் விளிம்பையும் கலங்கலாக்குவது. நாம் மென்பொருளில் இழுக்கும் அந்த வளைகோட்டை அவர்கள் தகரத்தில் வெட்டியிருக்கிறார்கள். மூன்றில் ஒரு ஃபிலிம் அறுந்து சில கட்டம் போய்விட்டால், போன கட்டங்களின் எண்ணிக்கைக்குச் சரியாகக் கறுப்புத் துண்டு வைத்து ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் மூன்றும் ஒன்றாக நடக்காது. எழுபது வருடம் கழித்தும் தலைவலி அதேதான் என்று நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

2023 செப்டம்பர் 3

அனிமேஷன் செய்யும் தம்பி முதல் காட்சியை அனுப்பினார். கயிலாயம் பிரமாதமாக வந்திருக்கிறது, ஆனால் 5760 × 1200இல் செய்திருக்கிறார். ஒட்டில் ஏறப்போகும் 576 பிக்சலை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்படியே சுருக்கினால் கோபுரம் ஒல்லியாகிறது, ஓரத்தை வெட்டினால் நந்தி போய்விடுகிறது. மறுபடி முதலிலிருந்து ரெண்டர்.

அதனால் இப்போது யாரிடம் வேலை கொடுத்தாலும் முதலில் ஒரு கட்டப்படம் அனுப்புகிறேன். 48 பிக்சல் சதுரக் கட்டம். 5184க்கு 108 கட்டம், 1200க்கு 25 கட்டம், மிச்சமில்லாமல் வருகிறது. ஒரு ப்ரொஜெக்டருக்கு 40 கட்டம், ஒட்டில் சரியாக ஆறு. ஒட்டுக் கட்டங்களை மஞ்சளில் வைத்து, "இந்த மஞ்சளில் முகம், எழுத்து, நிலா வேண்டாம்" என்று அதிலேயே எழுதிவிட்டேன். அதே கட்டப்படம்தான் மண்டபத்தில் ப்ரொஜெக்டரைச் சேர்க்கவும் உதவும். 16 அடியை 1920ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் இரண்டரை மில்லிமீட்டர், ஒரு கட்டம் ஏறக்குறைய ஐந்து அங்குலம். முதல் வரிசையில் உட்காருபவருக்குக் கோடு இரட்டையாவது தெரியும்.

வீடியோவை எந்த வடிவில் கேட்பது? வழக்கமான எச்.264 வேண்டாம். என் கார்டின் டிகோடர் அதை 4096 பிக்சல் அகலம் வரைதான் எடுக்கிறது, நம் படம் 5184. மிச்ச வேலை பிராசஸர் தலையில் விழுந்து படம் திக்குகிறது. ஹாப் அல்லது டிஎக்ஸ்வி கேளுங்கள், இரண்டையும் கார்டே நேராக விரித்துவிடும். ரெசல்யூம் அரீனா என்ற மென்பொருளில் ஓட்டுகிறவன் என்பதால் நான் டிஎக்ஸ்வி. அவெனியூ என்ற சின்னப் பதிப்பில் இந்த ஒட்டு வேலை கிடையாது, அரீனாதான் வேண்டும்.

2023 செப்டம்பர் 4

டிஸ்க் பற்றி. ஹாப்பில் ஒரு பிக்சலுக்கு அரை பைட். 5184 × 1200 என்றால் ஒரு ஃபிரேம் 3.1 எம்பி, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 93 எம்பி. தரம் கூடிய ஹாப் க்யூவில் இதற்கு இரண்டு மடங்கு. இது கடைசிச் சுருக்கத்துக்கு முந்தைய கணக்கு, நிஜக் கோப்பு கொஞ்சம் சின்னதாக வரும். இருந்தாலும் இதை வைத்துத்தான் திட்டமிடுவேன். 50 நிமிட நிகழ்ச்சிக்கு 280 ஜிபி. பழைய சுழலும் டிஸ்க்கில் இரண்டு காட்சி ஒன்றின்மேல் ஒன்று கரையும் இடத்தில் மூச்சு வாங்கும். எஸ்எஸ்டி போதும். பென்டிரைவிலிருந்து ஓட்ட வேண்டாம், எவ்வளவு அவசரமானாலும்.

2023 செப்டம்பர் 17

கேபிளில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். கணினியிலிருந்து, ப்ரொஜெக்டர் தொங்கும் உலோகச் சட்டமான டிரஸ் மேலே ஏறி நடு ப்ரொஜெக்டர் வரை எனக்கு 28 மீட்டர் வந்தது. நேர்கோட்டில் 12தான், ஆனால் கேபிள் சுவரோரமாக, வாசல் நிலையைச் சுற்றி, ஆள் நடக்காத இடமாகப் போக வேண்டும். இந்தத் தூரத்துக்குச் சாதாரண செம்புக் கம்பி எச்டிஎம்ஐயை நம்பக் கூடாது. இரண்டு வழி: ஃபைபர் எச்டிஎம்ஐ, அல்லது நெட்வொர்க் கம்பியான காட் 6இல் அதே படத்தை அனுப்பும் எச்டிபேஸ்டி. நான் ஃபைபருக்குப் போனேன். காரணம் தூரம் மட்டுமில்லை. ப்ரொஜெக்டருக்கு ஒரு பேஸிலிருந்தும் கணினிக்கு வேறு பேஸிலிருந்தும் மின்சாரம் எடுத்தால் செம்புக் கம்பி வழியாக எர்த் சுற்றிக்கொண்டு ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும். வாய்ப்பாட்டு நடக்கும் மேடையில் அது கொலை. உள்ளே செம்பே இல்லாத முழு ஃபைபர் கேபிள் என்றால் படம் ஒளியாகப் போவதால் அது அங்கேயே அறுந்துவிடுகிறது.

ஃபைபர் கேபிளுக்குத் தலை வேறு, வால் வேறு. கணினி முனை, திரை முனை என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். டிரஸ்ஸில் கட்டுவதற்கு முன் சிவப்பு டேப் சுற்றுங்கள். திருப்பிக் கட்டிவிட்டு 14 அடி உயரத்தில் ஏறி அவிழ்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

டிவிக்காரர்கள் பயன்படுத்தும் எஸ்டிஐ இணைப்பைக் கேட்டவருக்கு: கேபிள் மலிவு, பூட்டும் கொக்கி, நூறு மீட்டர் வரை போகும், எல்லாம் உண்மை. ஆனால் அதில் 1920 × 1080 போகும், 1200 போகாது. அந்த 120 வரியை இழக்கத் தயார் என்றால் முழுத் திட்டத்தையும் 1080இல் போடுங்கள், பாதியில் மாறாதீர்கள்.

2023 அக்டோபர் 8, ஒத்திகை முடிந்து

மூன்று விஷயம், மூன்றும் கணினிக்கு வெளியே நடந்தது.

காலையில் கட்டப்படத்தைப் போட்டு இரண்டரை மணி நேரம் சேர்த்தோம். ஒட்டில் ஆறு மஞ்சள் கட்டமும் ஒற்றைக் கோடாக நின்றது. பிள்ளைகள் வந்து தட்டடவு ஆரம்பித்தார்கள். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஒன்றுமில்லை. மூன்றாம் காலத்தில் இருபத்து நான்கு கால்கள் சேர்ந்து விழுந்ததும் கோடு இரண்டாகப் பிரிந்து பிரிந்து சேர்கிறது. பார்த்தால் டிரஸ்ஸின் இடது கால் மேடையின் மரப்பலகைமேல் நிற்கிறது. 24 அடி தூரத்தில் ஒரு பிக்சல் நகர ப்ரொஜெக்டர் 0.02 பாகை ஆடினால் போதும், நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகையை விட்டுக் கீழே சிமெண்டுத் தரைக்குக் காலை மாற்றினோம். அடவு தொடர்ந்தது, கோடு அசையவில்லை. டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இப்போ எங்க தாளம் உங்க படத்துல இல்லை" என்று சிரித்தார்.

நிழல். லென்ஸ் மேடைத் தளத்திலிருந்து பதினான்கரை அடி உயரத்தில், லென்ஸ் ஷிப்ட் 65 சதவீதம், கடைசி எல்லைக்குப் பக்கம். திரையின் அடி விளிம்பு தளத்துக்கு மேல் மூன்று அடி. ஐந்தரை அடி ஆள் திரையிலிருந்து எட்டடி தள்ளி நின்றால் தலையின் நிழல் ஓர் அடி உயரத்தில் விழுகிறது, படத்துக்குக் கீழே, யாருக்கும் தெரியாது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் விரல் நுனி படத்துக்குள் ஓர் அடி ஏறும். சிவன் வேடம் போடும் பெண் கை உயர்த்தும் மூன்று இடம் உண்டு. அந்த மூன்றுக்கும் இரண்டு அடி முன்னால் வரும்படி தரையில் டேப் ஒட்டினோம்.

மின்சாரம். மதியம் போனது, ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடி. கணினி யுபிஎஸ்ஸில் இருந்ததால் நிற்கவில்லை, ப்ரொஜெக்டர்கள் நின்று திரும்ப எழுந்தன. எழுந்ததும் கங்கை இடது பக்கம், கயிலாயம் வலது பக்கம். ஒவ்வொரு திரையும் தன் பெயர், தன் பிக்சல் அளவு எல்லாவற்றையும் ஈடிஐடி என்ற சின்னச் சீட்டில் கணினிக்குச் சொல்கிறது. ப்ரொஜெக்டர் அணைந்ததும் சீட்டு காணாமல் போகிறது, கணினி திரைகளை மறுபடி தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்துகிறது. இதற்கு ஈடிஐடி எமுலேட்டர் என்று விரல் அளவு பொருள் கிடைக்கிறது. கார்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால், அந்தப் பக்கம் ப்ரொஜெக்டர் செத்தாலும் "இங்கேதான் இருக்கிறேன், 1920 × 1200" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று வாங்குங்கள். மொத்தப் பட்டியலில் மிக மலிவான பொருள் இதுதான், நிகழ்ச்சியைக் காப்பதும் இதுதான்.

2023 அக்டோபர் 9

ஆகஸ்ட் 12 அன்று கேமிங் கார்டே போதும் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பி யாராவது வாங்கியிருந்தால் மன்னியுங்கள், ஆனால் முழுவதும் படியுங்கள்.

கங்கை இறங்கும் காட்சியில் படம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. நின்ற படத்தில் சுத்தமாக இருந்த ஒட்டு, ஓடும் படத்தில் துடித்தது. காரணம் மூன்று வெளியீடும் ஒரே நொடித்துளியில் புதுப் படத்துக்கு மாறவில்லை. எங்கள் கங்கை ஒரு திரையை நான்கு நொடியில் கடக்கிறது, அப்படியென்றால் ஒரு ஃபிரேமுக்கு 16 பிக்சல், திரைமேல் நான்கு சென்டிமீட்டர். ஒரு ப்ரொஜெக்டர் ஒரு புதுப்பிப்பு பிந்தினாலும் அந்த நான்கு சென்டிமீட்டர் ஒட்டில் இரட்டையாகத் தெரிகிறது. மூன்று திரையையும் ஒன்றாக்கும் வசதி கேமிங் கார்டிலும் உண்டு, போட்டதும் துடிப்பு நின்றது. ஆனால் திரை ஒன்று அணைந்து எழுந்தால் அந்தக் கூட்டு கலைகிறது.

நண்பரிடமிருந்து குவாட்ரோ பி4000 என்ற பழைய தொழில்முறை கார்டு வாங்கிவந்து போட்டேன். 2017 கார்டு, 8 ஜிபி, நான்கு டிஸ்ப்ளேபோர்ட், கொக்கி போட்டுப் பூட்டும் முனை. மொசைக் என்ற வசதியில் மூன்று ப்ரொஜெக்டரும் கணினிக்கு 5760 × 1200 அளவுள்ள ஒரே திரையாகத் தெரிகின்றன, ஒன்றாக மாறுகின்றன. ஈடிஐடி சீட்டைக் கார்டிலேயே பதிந்து வைக்கவும் முடிகிறது. எமுலேட்டரையும் கழற்றவில்லை, இரண்டும் இருக்கட்டும். விளையாட்டு வேகத்தில் என் கேமிங் கார்டு இதை விடப் பல மடங்கு வலுவானது, இந்த வேலைக்கு அந்த வலு தேவைப்படவே இல்லை.

அசையாத படம், மெதுவாகக் கரையும் படம் மட்டும் என்றால் கேமிங் கார்டு இப்போதும் போதும். பக்கவாட்டில் ஓடும் படம் என்றால் போதாது.

2023 அக்டோபர் 22

நேற்று நிகழ்ச்சி முடிந்தது. கங்கை இறங்கியபோது பின்வரிசையில் ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஒட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் எங்கே ஒட்டு என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

குறை ஒன்று உண்டு. முழு இருட்டில் ஒட்டு வெளுப்பாகத் தெரிந்தது. ப்ரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பு இல்லை, கொஞ்சம் ஒளி கசியும். ஒட்டில் இரண்டின் கசிவும் சேர்கிறது. மற்ற இடத்தின் கறுப்பைச் சற்றுத் தூக்கிச் சமன் செய்யலாம், ஆனால் அப்படிச் செய்தால் எல்லா இருட்டும் வெளுக்கிறது. நான் அனிமேஷன் தம்பியிடம் வெறும் கறுப்பு வேண்டாம், கருநீலத்தில் நட்சத்திரமும் மேகமும் வையுங்கள் என்று சொல்லியிருந்தேன், நான்கு காட்சியில் அது நன்றாக மறைத்தது. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே வந்த வெற்று இருட்டை மறந்துவிட்டோம். அடுத்த முறை லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையை ஓரமாக நிறுத்திப் பார்க்கப் போகிறேன். அட்டை கிட்டத்தில் இருப்பதால் அதன் விளிம்பு திரையில் கலங்கலாக விழும், அந்தக் கலங்கல்தான் வேண்டும்.

2023 அக்டோபர் 23

இன்று ஆயுத பூஜை. மூன்று ப்ரொஜெக்டரின் ஃபில்டரையும் கழற்றித் தூசி எடுத்தோம், மண்டபத்துத் தூசி ஒரு கைப்பிடி வந்தது. பொட்டு வைக்கும்போது பையனிடம் சொன்னேன்: காற்று போகும் ஜாலியிலும் லென்ஸ் பக்கமும் சந்தனம் கூடாது, மேல்மூடியில் வை. இரண்டு வருடம் முன்பு விபூதி உள்ளே போய் ஒரு விசிறி நின்றது. லேசர் ப்ரொஜெக்டருக்கு விளக்கு மாற்றும் வேலை இல்லை, 20000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அந்த மணி நேரமெல்லாம் காற்று தாராளமாகப் போனால்தான்.

2024 ஜனவரி 28

இந்தச் சிரமமெல்லாம் எதற்கு, எல்இடி வால் வாடகைக்கு எடுத்தால் ஒட்டே கிடையாதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சாயங்கால வெளிச்சத்தில் வெட்டவெளி மேடை என்றால் நானே எல்இடிதான் சொல்வேன், ப்ரொஜெக்டர் அங்கே நிற்காது. இருட்டாக்க முடிகிற மண்டபத்தில், நாட்டியத்துக்கு, நான் ப்ரொஜெக்டர் பக்கம். வாடகைக்குப் பரவலாகக் கிடைக்கும், பிக்சலுக்குப் பிக்சல் 3.9 மி.மீ. இடைவெளி உள்ள பேனலில் 43 அடிக்கு 3360 பிக்சல் வரும், நம்முடையதில் 5184. அதை விட முக்கியம், எல்இடி தானே ஒரு விளக்கு. பிள்ளைகளின் முகத்தை விடப் பின்னணி பிரகாசமாக இருந்தால் கண் அங்கேதான் போகும், அபிநயம் போய்விடும். குறைத்து ஓட்டினால் சரியாகும், ஆனால் ஆபரேட்டர்கள் குறைக்க மாட்டார்கள்.

மார்ச்சில் அதே டீச்சருக்கு இன்னொரு நாடகம், அதே மண்டபம். சாமான் பட்டியலில் ஒரே ஒரு மாற்றம்: அதே மாடலில் நான்காவது ப்ரொஜெக்டர் ஒன்று, லென்ஸோடு, மெனுவில் மற்ற மூன்றின் அமைப்பையே ஏற்றி, டிரஸ்ஸுக்குக் கீழே பெட்டியில். ஒன்று போனால் மாற்றிக் கட்டி, கட்டப்படத்தைப் போட்டு, ஆறு மஞ்சள் கட்டத்தைச் சேர்க்க எங்கள் பையனுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடையில் ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை 52 நிமிடம். நேற்று 31. இடைவேளை 20 நிமிடம்தான், அதற்குள் வரும்வரை பார்ப்போம்.